சட்டைக்கு அளவு எடுப்போம்... சைக்கிளுக்கு?

1969 செப்டம்பர் 9. பிரான்ஸில் ப்ளுவா நகரத்து சைக்கிள் மைதானம். முன்னால் ஒரு மோட்டார் வண்டி வேகம் கொடுக்க, அதன் முதுகை ஒட்டியபடியே வீரர்கள் சைக்கிள் மிதிக்கும் காட்சிப் போட்டி. பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸும் அதில் இருந்தார். வயது 24. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் தன் முதல் டூர் டி பிரான்ஸை வென்றிருந்தார். திடீரென்று வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. மெர்க்ஸுக்கு முன்னால் மோட்டார் வண்டி ஓட்டிய ஃபெர்னாண்ட் வாம்ப்ஸ்ட் அங்கேயே இறந்தார். மெர்க்ஸ் நினைவிழந்து கிடந்தார்.

பிழைத்து எழுந்தவர், அதற்குப் பிறகும் நான்கு முறை டூரை வென்றார். 1972-ல் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனையும் படைத்தார். ஆனால், முதுகெலும்பில் விரிசல் விட்டு, இடுப்பெலும்பும் லேசாகத் திருகிப்போயிருந்தது. விபத்துக்குப் பிறகு மலை ஏறும்போது பழைய சுகம் இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வலி எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடி, அவர் கை வைத்தது சீட்டில்தான். சட்டைப் பையில் ஒரு ஆலன் கீ எப்போதும் இருக்கும். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஓடும் சைக்கிளில், சீட்டை ஒரு நூல் ஏற்றுவார். கொஞ்ச தூரம் போய் இறக்குவார். அதிலும் திருப்தி வராவிட்டால் ஃப்ரேமையே மாற்றி அமைக்கச் சொல்லி ஆர்டர் கொடுப்பார். இத்தாலியில் எர்னெஸ்டோ கொல்னாகோவும், அவருக்குப் பின் ஊகோ டி ரோசாவும் இந்த ஓயாத வாடிக்கையாளருக்குக் குழாய் அறுத்துக்கொண்டே இருந்தார்கள்.

மில்லிமீட்டருக்கெல்லாம் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்கு. ரோடு பைக் ஓட்டிப் பழகியவர்கள் நிமிடத்துக்கு 90 சுற்று அளவில் மிதிப்பார்கள். ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால், ஒவ்வொரு முழங்காலும் 16,200 முறை மடங்கி நிமிர்கிறது. சீட் ஒரு சென்டிமீட்டர் தவறான உயரத்தில் இருந்தால், அந்தத் தவறும் 16,200 முறை நடக்கிறது.

சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். முழங்காலுக்குப் பின்னால் இழுக்கும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் போய் உட்காரும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது அதனால்தான். உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடும் நரம்பு அழுந்துகிறது. பலர் இதை 'சைக்கிள் ஓட்டினால் அப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல அது. இறங்கிய பிறகும் மரத்த விரல் தெளியாவிட்டால் டாக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; சைக்கிள் கடைக்கு அப்புறம் போகலாம்.

இதற்குத்தான் அந்தக் கால இத்தாலியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். மிலான் நகரில் விகோரெல்லி என்ற சைக்கிள் மைதானம் உண்டு. அதன் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியிலேயே ஃபலியேரோ மாசி என்பவரின் பட்டறை. அவருக்கு வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'தையற்காரர்'. சம்பளம் கொடுக்கும் கம்பெனியின் பெயரை வண்டியில் ஒட்டிக்கொண்டு, ஃப்ரேமை மட்டும் ரகசியமாக மாசியிடம் கட்டிக்கொள்வது அன்று ஊரறிந்த விஷயம்.

தையற்கடையில் நடப்பதுதான் அங்கும் நடக்கும். கால், முதுகு, கை, தோள் என்று தனித்தனியாக அளப்பார்கள். உயரம் மட்டும் தெரிந்தால் போதாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும். மற்றவருக்கு உடம்பு நீளமாக இருக்கும். வேட்டி கட்டினால் வித்தியாசம் தெரியாது. சைக்கிளில் ஏறினால் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளவை வைத்து முழு ஃப்ரேமையும் காகிதத்தில் வரைந்துவிட்டு, குழாய்களை அறுப்பார்கள். மூலைகளில் இரும்பு மூட்டுகளைச் சொருகி, பித்தளையோ வெள்ளிக் கலவையோ உருக்கி இடுக்கில் ஓடவிட்டு இணைப்பார்கள். குழாய் என்றால் நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரே தடிமன் அல்ல. அன்றைய பந்தய வண்டிகளில் பிரபலமான கொலம்பஸ் எஸ்.எல். குழாய் முனைகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மில்லிமீட்டர். சூடுபடும் முனையில் சதை, நடுவில் மெலிவு. 55 கிலோ ஆளுக்கு மெல்லிய குழாய், 90 கிலோ ஆளுக்குத் தடித்த குழாய் என்று எடைக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுக்கவும் முடியும். அளவெடுத்துக் கட்டும் ஃப்ரேமில் பலரும் கவனிக்காத லாபம் இது.

பிறகு ஏன் இந்தப் பழக்கம் குறைந்தது? கார்பன் வந்தது. கார்பன் ஃப்ரேமைப் பெரும்பாலும் அச்சில் வார்க்கிறார்கள். ஒவ்வொரு சைஸுக்கும் தனி அச்சு வேண்டும்; அச்சு செய்யச் செலவு அதிகம். அதனால் சைஸ்கள் குறையக் குறைய கம்பெனிக்கு லாபம். அதற்கு முன்பே, 1997-ல், தைவானின் ஜயன்ட் கம்பெனிக்காக மைக் பர்ரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் டி.சி.ஆர். என்ற வண்டியை உருவாக்கியிருந்தார். மேல் குழாயைப் பின்பக்கம் சரித்துவிட்டார். சீட்டைத் தாங்கும் கம்பியை நீளமாக்கினார். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று டி-ஷர்ட் போல விற்க முடிந்தது. மிச்ச வித்தியாசத்தைக் கம்பியை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

நியாயமாகச் சொன்னால், இது பெரும்பாலானவர்களுக்குப் போதுமானதாகவே இருக்கிறது. ரெடிமேட் சட்டை எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பதற்காக அதைத் திட்ட முடியாது. நடுத்தர உயரம், நடுத்தரக் கை கால் உள்ளவர் கடையில் வாங்கும் வண்டியிலேயே சந்தோஷமாக ஓட்டலாம். சிக்கல், வரிசையின் இரண்டு ஓரத்தில் நிற்பவர்களுக்குத்தான்.

முக்கியமாக, உயரம் குறைந்தவர்களுக்கு. பெரியவர்கள் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை நுழைத்து, குரங்கு பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ரோடு பைக்கில் அந்த அவஸ்தை கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒளிந்திருக்கிறது. சக்கரம் எல்லோருக்கும் ஒரே அளவு. ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர். ஃப்ரேமைச் சின்னதாக்கினால் முன் சக்கரம் காலுக்குக் கிட்டே வந்துவிடும். மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் நுனி சக்கரத்தில் உரசும். இதைத் தவிர்க்க ஒரு வேலை செய்வார்கள். சீட்டைத் தாங்கும் குழாயை இன்னும் செங்குத்தாக நிமிர்த்திவிடுவார்கள். அட்டவணையில் மேல் குழாயின் நீளம் குறைந்திருக்கும். ஆனால், சீட்டும் சேர்ந்து முன்னால் வந்துவிட்டதே! முழங்கால் பெடலுக்குச் சரியாக வர வேண்டும் என்று ஓட்டுபவர் சீட்டைப் பின்னால் தள்ளுவார். காகிதத்தில் குறைந்த நீளம் அப்படியே திரும்பி வந்துவிடும்.

அமெரிக்காவில் ஜார்ஜீனா டெர்ரி என்ற பெண் இதை நேராக எதிர்கொண்டார். படிப்பால் இயந்திரப் பொறியாளர். நியூயார்க் மாநிலத்தில் தன் கையால் ஃப்ரேம் கட்ட ஆரம்பித்து, 1985-ல் பெண்களுக்கான சைக்கிள் கம்பெனி தொடங்கினார். சின்ன ஃப்ரேம்களில் பின் சக்கரம் வழக்கமான அளவு. முன் சக்கரம் மட்டும் 24 அங்குலம். பார்த்தவர்களுக்கு வினோதமாக இருந்தது. ஆனால், கால் உரசவில்லை. ஹேண்டில்பாரும் கைக்கு எட்டியது. அதுவரை 'சைக்கிள் எனக்கு ஒத்துவராது' என்று தங்கள் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பலருக்கு, குறை வண்டியில்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பெண்களுக்குக் கால் நீளம், உடம்பு குட்டை என்ற பொதுக்கணக்கை இன்று பலர் ஒப்புக்கொள்வதில்லை. பெண்களுக்கென்று தனி ஃப்ரேம் வடிவம் வைத்திருந்த பெரிய கம்பெனிகள் சில அதைக் கைவிட்டுவிட்டன. சரிதான், ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. ஆனால், 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு, அவர் ஆணோ பெண்ணோ, பெரிய சக்கரம் இன்றும் பெரிய சக்கரம்தான்.

அதற்காக விரல் மரத்ததும் தனி ஃப்ரேமுக்கு ஆர்டர் கொடுக்க ஓட வேண்டாம். அது விலை கூடிய வைத்தியம். முதலில் சீட் உயரம். புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே இறுக்கமாக மேலே தூக்கிப் பிடித்து, சுவரை ஒட்டி வெறுங்காலுடன் நின்று, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து, 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வேண்டிய உயரம் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் கால் என்றால் ஏறக்குறைய 70.6. அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் மூலம் பிரபலமான கணக்கு இது. தொடக்கப் புள்ளி மட்டுமே. அங்கிருந்து நூல் நூலாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஸ்டெம். ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு இணைக்கும் குட்டைத் துண்டு. 11 சென்டிமீட்டர் ஸ்டெம்முக்குப் பதில் 9 சென்டிமீட்டர் போட்டாலே முதுகு நிமிரும். தோளைவிட அகலமான ஹேண்டில்பாரை மாற்றலாம். கால் குட்டையானவர்கள் கிராங்க்கையும் குட்டையாக்கிப் பார்க்கலாம். பத்தில் எட்டுப் பேருக்கு வலி இங்கேயே போய்விடும் என்று அடித்துச் சொல்லத் தோன்றினாலும், எண்ணிக்கை முக்கியமில்லை. இதையெல்லாம் செய்து பார்க்காமல் தனி ஃப்ரேம் கட்டுவது, பட்டனை மாற்றினால் போதும் என்ற இடத்தில் புதுச் சட்டை தைப்பது போலத்தான்.

ஸ்டெம்மை மிகக் குட்டையாக்கியும் எட்டவில்லை, முதுகில் ஆபரேஷன் ஆனதால் குனிய முடியவில்லை, ஆறரை அடி உயரத்துக்குக் கடையில் சைஸே இல்லை என்றால், அவர்களுக்குத்தான் இது. ஸ்டீல், டைட்டானியம் இரண்டையும் ஒரே ஆளுக்காக அறுத்துக் கட்ட முடியும். கார்பனிலும் குழாய் குழாயாக ஒட்டிக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்; விலை ஏறும். வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கட்டுபவரிடம் போனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுத்துத் தைத்த சட்டை என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். சைக்கிளிலும் அதே கதை. சாம்பியன்கள் மாதிரி தாழக் குனிந்து ஓட்ட ஆசைப்பட்டு, அப்படியே கட்டச் சொல்பவர்கள் உண்டு. நின்றபடி குனிந்து கால் விரலைத் தொட முடியாதவருக்கு அந்த ஃப்ரேம் ஒரு தண்டனை. இப்போது ஓட்டும் வண்டியையும் கூடவே கொண்டுபோவது நல்லது. எது வலிக்கிறது, எது வலிக்கவில்லை, எத்தனையாவது கிலோமீட்டரில் வலி ஆரம்பிக்கிறது என்பதை அந்த வண்டியை வைத்துக்கொண்டுதான் தெளிவாகப் பேச முடியும்.

54, 56 என்ற சைஸ் எண்ணை நம்பிப் பேச வேண்டாம். ஒரு கம்பெனி குழாயின் மையம் வரை அளக்கும். இன்னொன்று மேல் முனை வரை அளக்கும். இரண்டு 54-ம் ஒன்றல்ல. கிராங்க் அச்சிலிருந்து ஹேண்டில்பார் குழாயின் தலை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்ற இரண்டு எண்களைக் கேட்டால் எந்த வண்டியையும் எந்த வண்டியோடும் ஒப்பிடலாம்.

உடம்பு மாறும் என்பதையும் கட்டுபவரிடம் பேசிவிட வேண்டும். மெர்க்ஸுக்கு ஒரே இரவில் மாறியது. மற்றவர்களுக்கு வயதில் மெல்ல மாறுகிறது. ஸ்டெம்மும் சீட்டும் நடுவாந்தர நிலையில் இருக்கும்படி ஃப்ரேமைக் கட்டச் சொன்னால், பத்து வருடம் கழித்து ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தவும், கிட்டே இழுக்கவும் இடம் இருக்கும்.

குழாய் அறுப்பதற்கு முன் வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் கேட்பார்கள். அதன் நகல் ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்துவது அவசியம். ஸ்டீல் ஃப்ரேமில் என்றைக்காவது ஒரு குழாய் நசுங்கினால், அதை மட்டும் அறுத்தெடுத்துப் புதிதாகப் பொருத்த முடியும். கட்டியவர் அப்போது பட்டறையை மூடியிருந்தாலும், அந்தக் காகிதம் இருந்தால் வேறொருவர் அந்த வேலையைச் செய்துவிடுவார்.