சீட் கொடுத்தாச்சு, சோறு எங்கே?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே சேரிக்குள் பைக்குகள் வர ஆரம்பிக்கும். கழுத்தில் ஐடி கார்டு, கையில் வழவழப்பான புத்தகம். "தம்பி என்ன மார்க்? எஸ்சி தானே? உனக்கு ஃபீஸே கிடையாது, எல்லாம் கவர்மெண்ட் கட்டிடும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் குடு." வேறு எந்த வேலைக்கும் நம் தெருவுக்குள் கால் வைக்காதவர்கள்கூட அட்மிஷன் சீசனில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். தீண்டாமை ஒழிப்பில் ஏஜெண்டுகளின் பங்கை யாராவது ஆய்வு செய்யலாம்!

ஆகவே, தலித் மாணவர்களை எப்படிக் கல்லூரிக்குக் கொண்டுவருவது என்று தெரியவில்லை என யாரும் நம்மிடம் கதை விட வேண்டாம். நன்றாகவே தெரிகிறது. கொண்டுவந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஏஜெண்ட் சொல்லாத விஷயங்கள் சில உண்டு. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவர் முன்பணம் கட்டாமல் சேர்வதற்கு 'ஃப்ரீஷிப் கார்டு' என்று ஓர் ஏற்பாடு மத்திய அரசின் வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. உங்கள் கல்லூரி ஆபீசில் போய் அந்தக் கார்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவாவது கேளுங்கள்.

கல்லூரி கேட்பது ஜூனில், ஸ்காலர்ஷிப் வருவது எப்போதோ. இடைப்பட்ட மாதங்களில் என்ன நடக்கும் என்று இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. "ஸ்காலர்ஷிப் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் ஒரு குரல் வரும். அறுபது பேர் இருக்கும் அறையில் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். சாதியைக் கேட்காமலே சாதியை அறிவிக்கும் வழி அது. பிறகு ஹால் டிக்கெட் மறுப்பு, ஊரில் அம்மா வட்டிக்குக் கடன்.

இந்த உதவித்தொகை யாரும் போட்ட பிச்சை அல்ல. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்த காலத்தில், 1944-ல் தொடங்கியது. இன்று அதைப் பெறக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2013-ல் போட்ட கோடு இது. மாதம் 21 ஆயிரம் சம்பாதிக்கும் தலித் குடும்பம் இந்தக் கணக்கில் வசதியான குடும்பம். 2019-ல் 103-ஆவது திருத்தம் மூலம் முன்னேறிய சாதி 'ஏழை'களுக்கு 10 சதவீதம் கொடுத்தார்களே, அங்கே கோடு எட்டு லட்சம்! மாதம் 66 ஆயிரம் வரை அவர்கள் ஏழை. சாதிக்கு ஏற்றபடி ஏழ்மையின் அளவுகோலும் நீளும் நாடு இது.

பணம் எப்படி வடிகட்டுகிறது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் கூலித் தொழிலாளியின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் கிடைத்தது. இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கெடு ஜூன் 24 மாலை 5 மணி. ஊரில் கைமாற்று வாங்கிப் பணத்தைச் சேர்ப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. அந்தப் பிள்ளை எஸ்சி ஆணையம், ஜார்க்கண்ட் சட்ட உதவி மையம், சென்னை உயர் நீதிமன்றம் என்று அலைந்து, கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் இடத்தை வாங்கினார். 2021-லும் இதே கதை: கார்டு வேலை செய்யாததால் பணம் கட்ட முடியாத ஒரு தலித் மாணவருக்கு மும்பை ஐஐடியில் இடம் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளையும் கொண்டாடினோம், சரிதான். ஆனால் ஒரு கல்லூரி கிளார்க் ஐந்து நிமிடத்தில் தீர்க்க வேண்டியதற்கு ஏன் உச்ச நீதிமன்றம் போக வேண்டும்? டெல்லி வரை போக வழி தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் அமைதியாக வீடு திரும்பியிருப்பார்கள்?

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே நாம் கொஞ்சம் பெருமையாகவே பேசுவோம். 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாம் நல்ல திட்டங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஹாஸ்டலுக்கு வாருங்கள். 2023-ல் அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படியை மாதம் 1,100-லிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கு. இரண்டு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகும் காசில் ஒரு இளைஞன் மூன்று வேளை சாப்பிட்டு இன்ஜினியராக வேண்டும். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் பிரமாதம். சாம்பாரில் பருப்பு எங்கே?

இப்படியெல்லாம் வைத்துவிட்டு, பிள்ளை படிப்பை விட்டால் "தகுதி இல்லை, திறமை இல்லை" என்பார்கள். 2023 டிசம்பரில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம்களிலிருந்து ஐந்து ஆண்டுகளில் வெளியேறிய எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்கள் 13,626 பேர். ஐஐடிகளில் மட்டும் எஸ்சி மாணவர்கள் 1,068. காரணம் என்னவாம்? மாணவர்களுக்கு நிறைய வாய்ப்புகள் இருக்கின்றன, ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு படிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்கிறார்களாம். அலமாரியில் சட்டை மாற்றுவது போல! ஹாஸ்டலுக்குள் நுழைந்ததும் "உன் ஜேஇஇ ரேங்க் என்ன?" என்று கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அந்தப் பதிலில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்று மும்பை ஐஐடி 2023 ஜூலையில் தன் மாணவர்களுக்கே அறிவுறுத்த வேண்டி வந்தது. அதற்குள் அந்த வளாகம் பிள்ளைகளை இழந்திருந்தது.

இந்தச் சூழலில்தான் கல்லூரிகள் புதிதாக ஒரு சொல்லைப் பிடித்திருக்கின்றன: டைவர்சிட்டி, பன்முகத்தன்மை. எனக்கு இந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை இல்லை. கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் என்ஐஆர்எஃப் பல ஆண்டுகளாக இதற்கு மார்க் போட்ட விதத்தைப் பாருங்கள். அந்தப் பிரிவின் 100 மதிப்பெண்ணில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு 30. பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கிய மாணவர்களுக்கு 20. டெல்லியிலிருந்து விமானத்தில் வரும் பையன், பக்கத்துச் சேரியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்ணைவிடக் கூடுதல் பன்மை!

சொல்லின் பூர்வீகமும் அப்படித்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1978-ல் பாக்கி வழக்கு. சமூகம் இழைத்த பழைய அநீதியைச் சரிசெய்வதற்காக ஒரு கல்லூரி இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஆனால் பலதரப்பட்டவர்கள் இருந்தால் வகுப்பறைக்கு நல்லது என்பதற்காக எடுக்கலாம் என்றார் நீதிபதி பாவெல். அதாவது, கறுப்பின மாணவர் தன் உரிமைக்காக உள்ளே வரவில்லை, மற்றவர்களின் கல்வியைச் செழுமைப்படுத்த வருகிறார். அந்தச் சலுகையையும் 2023-ல் ஹார்வர்டு வழக்கில் மூடிவிட்டார்கள். அடுத்தவர் தட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயாக இருந்தால், வேண்டாம் என்று தள்ளிவைப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கும்.

நம் உரிமையின் வேர் வேறு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாது என்றதும், தெருவில் எழுந்த போராட்டத்தால் 1951-ல் வந்தது பிரிவு 15(4). அதை எடுத்துப் படியுங்கள். 'சீட்' என்ற வார்த்தையே அதில் கிடையாது. 'முன்னேற்றத்துக்கான சிறப்பு ஏற்பாடு' என்றுதான் இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவனுக்கு முதல் செமஸ்டரில் தனி ஆங்கில வகுப்பு, தேதி தவறாத உதவித்தொகை, வயிறார மெஸ் சாப்பாடு, அரியர் விழும் முன்பே கூப்பிட்டுப் பேசும் ஆசிரியர், எல்லாம் அந்த ஏற்பாட்டுக்குள் வரும். 1946-ல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கிய அம்பேத்கர், வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக வகுப்பைக் காலையில் வைத்தார். மாணவனின் வாழ்க்கைக்குத் தக்கபடி கல்லூரி தன் மணியை மாற்றிக்கொண்டது. இங்கே மணி அடித்தபடியே இருக்கிறது, ஓட முடியாதவன் விழுகிறான்.

தோழர்களே, அரங்கக் கூட்டங்கள் போதும். பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ போடுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த எஸ்சி, எஸ்டி மாணவர் எத்தனை பேர், அவர்களில் பட்டம் வாங்கியவர் எத்தனை பேர்? போன ஆண்டு உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறிய தேதி என்ன? யுஜிசியின் 2012 விதிகளின்படி இருக்க வேண்டிய பாகுபாட்டுத் தடுப்பு அதிகாரி யார், அவரிடம் வந்த புகார்கள் எத்தனை? தனியார் கல்லூரி பதில் தராது என்றால் பல்கலைக்கழகத்திடமும் ஆதிதிராவிடர் நலத்துறையிடமும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு. பதில் வந்தால் நகலெடுத்து ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அடுத்த ஜூனில் பைக் வரும்போது, ஏஜெண்டின் கையிலும் ஒரு நகலைக் கொடுங்கள்.