பொருள் குவிந்த வீட்டில் வாயில்லா உயிர்கள்

பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, துணிமூட்டை, உடைந்த சாமான் என்று கால்வைக்க இடமில்லாத வீட்டில் ஒரு நாயோ பூனையோ வளர்வது தெரியவந்தால், சுற்றியிருப்பவர்கள் இரண்டில் ஒன்றைக் கேட்கிறார்கள்: வீட்டை உடனே காலிசெய்யுங்கள், அல்லது அந்த உயிரை வேறு எங்காவது கொடுத்துவிடுங்கள். இரண்டும் அக்கறையில் எழும் கோரிக்கைகளே. ஆனாலும், பல நேரங்களில் இவை அந்த விலங்கைக் காப்பாற்றுவதில்லை. வீடு ஒழுங்காவது நீண்டகால வேலை. விலங்கின் பாதுகாப்போ இந்த வாரமே தொடங்க வேண்டிய வேலை. முன்னதற்காகப் பின்னதைக் காக்கவைக்கக் கூடாது.

பொருள்களை விட்டுப் பிரிய முடியாமல் சேர்த்துவைப்பதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் இதைத் தனி நோயாக வகைப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நூறு பேரில் இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கலாம். வயது ஏற ஏற இது தீவிரமாகிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு கிழிந்த பையைத் தூக்கிப்போடுவதுகூடக் கடும் வேதனை. உறவினர்கள் கூடி ஒரே நாளில் எல்லாவற்றையும் லாரியில் அள்ளிப்போனாலும், நோய்க்குச் சிகிச்சை இல்லாததால் வீடு மீண்டும் நிறைகிறது. அடுத்த முறை கதவு திறப்பதில்லை. மூடிய கதவுக்குப் பின்னாலுள்ள நாய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருத்துவரும் இல்லை.

குவியல் எந்தெந்த வழியில் விலங்கை வதைக்கிறது என்று பார்த்தால், எங்கே கைவைக்க வேண்டும் என்பது புலப்படும். நாய்களைத் தொற்றும் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. இரத்தம் குடித்துக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் மூட்டை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாய்க்கு ஒருமுறை மருந்து போட்டும் உண்ணிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதற்கு இது முக்கியக் காரணம். பெட்டிகளுக்குள் எலி குடியேறினால் அதன் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் நாயையும் மனிதரையும் தாக்கும். எலிக்கு வைக்கும் கேக் மருந்துகள் பலவும் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அதைத் தின்ற நாய் சில நாள் நன்றாகவே தெரியும், பிறகு உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகலாம். பூனை விழுங்கும் தையல் நூல் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடலாம். அள்ளாமல் விட்ட சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா, காற்றோட்டமில்லாத அறையில் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்.

இந்த வழிகளில் பலவற்றை வீட்டைக் காலிசெய்யாமலே அடைக்க முடியும். ஒரு ஜன்னலோரத்தில் தரை தெரியுமளவு இடம் ஒதுக்கி, தண்ணீரும் உணவும் படுக்கையும் அங்கே வைக்கலாம். அங்கிருந்து வாசல்வரை ஒரு நடைபாதை வேண்டும். அதன் இருபுறமும் சரிந்து விழக்கூடிய அடுக்குகள் கூடாது. எலி மருந்து, அந்துருண்டை, மாத்திரைகள் எல்லாம் பூட்டிய அலமாரிக்குப் போக வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதலாக வைத்து, தினமும் அள்ள வேண்டும். உண்ணி மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் போட வேண்டும். நாய்க்கான மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும் என்பதால் மாற்றிப் போடவே கூடாது. கருத்தடையும் அவசியம். தனக்காக ஒரு பெட்டியையும் நகர்த்த மறுப்பவர், தன் நாய் மூச்சுவிடுவதற்காக நான்கு பெட்டிகளை நகர்த்த இணங்க வாய்ப்புண்டு. அந்த இணக்கமே பிற்கால சிகிச்சைக்கும் தொடக்கமாகலாம்.

இது துன்பத்தைத் தொடரவிடும் சமாதானம் அல்லவா என்று விலங்கு ஆர்வலர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதனால்தான் எல்லைக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 3-ஆம் பிரிவில், விலங்கின் நலனைக் காப்பதை வளர்ப்பவரின் கடமையாக்குகிறது. ஜல்லிக்கட்டு வழக்கின் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பசி தாகம், வலி நோய், அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலை உள்ளிட்ட ஐந்து சுதந்திரங்களை உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தோடு இணைத்து வாசித்தது. பட்டினி, சிகிச்சையில்லாத நோய், கண்ணெரியும் காற்று ஆகியவை இருந்தும் மாற்றத்துக்கு வளர்ப்பவர் இணங்காவிட்டால், விலங்கை மீட்டே ஆக வேண்டும். விலங்குகளையே அளவின்றிச் சேர்க்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். 2025-ல் புனேயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 300-க்கும் மேற்பட்ட பூனைகள் இருந்தது செய்தியானது; அத்தகைய இடத்தில் ஜன்னலோரம் ஒதுக்கிப் பயனில்லை. ஆனால் மீட்பதோடு நிறுத்தி, மனநல உதவி தராமல் விட்டால், வளர்த்தவர் மறுபடியும் சேர்க்கத் தொடங்குவது வழக்கமாக நடப்பது.

இதையெல்லாம் யார் செய்வது என்பது அடுத்த கேள்வி. முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் யாரையும் திருத்தாது. அத்தகைய வீட்டார் பலரும் வெளியாள் என்று சந்திப்பது கால்நடை மருத்துவரை மட்டுமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப வரும் உண்ணிக் காய்ச்சலையும் ரோமத்தில் படிந்த சிறுநீர் வாடையையும் முதலில் கவனிப்பவர் அவரே. அவர் கடிந்துகொள்ளாமல் விசாரிக்கவும், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைச் சொல்லவும் பழக வேண்டும். செல்லப்பிராணிகளுக்கு உரிமம் தரும் மாநகராட்சிகள், புகார் வரும் வீட்டுக்குத் துப்புரவு ஊழியரை மட்டும் அனுப்பாமல், கால்நடை மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கூடுதல் செலவு என்று தயங்கத் தேவையில்லை. இந்த மூவரும் ஏற்கெனவே அரசின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களை ஒரே வாசலுக்கு அனுப்ப ஓர் உத்தரவு போதும்.