மருந்துக்குக் காப்பீடு இருக்கிறது, முட்டைக்கு?

"அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லை." ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் குழந்தை எடை குறைந்தால், வார்டில் முதலில் வரும் தீர்ப்பு இதுதான். சமூகப் பணியாளர்களாகிய நாங்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். தோழர்களே, இந்தத் தீர்ப்பு பொய்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். மெத்தோட்ரெக்ஸேட் வாயைப் புண்ணாக்கும். வின்கிரிஸ்டின் மலச்சிக்கல் தரும். ஸ்டீராய்டு கன்னத்தை உப்ப வைக்கும். உள்ளே தசையைக் கரைக்கும். அதனால்தான் எடையை மட்டும் பார்க்காமல் கைச்சுற்றளவையும் அளக்க வேண்டும் என்கிறோம். ஊட்டமில்லாத உடம்பு கீமோவைத் தாங்காது. தொற்று வரும், அடுத்த ஊசி தள்ளிப்போகும்.

இது விதியல்ல. மத்திய அமெரிக்க நாடுகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஊட்டம் குறைந்த குழந்தைகளிடையே சிகிச்சையைப் பாதியில் விடுவது அதிகமாக இருந்தது. இன்னோர் ஆய்வில், ஆறு மாதத்துக்குள் ஊட்டம் தேறிய குழந்தைகளோ மற்றவர்களைப் போலவே பிழைத்தார்கள். அப்படியென்றால் சோறும் சிகிச்சைதான்.

அந்தச் சோறு யாருக்கு இல்லை? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பட்டியல் சாதிக் குழந்தைகளில் சுமார் 39 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவில் இது சுமார் 30 சதவீதம். நோய் வருவதற்கு முன்பே சாதி அந்தத் தட்டில் கை வைத்துவிட்டது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மருந்துச் செலவை ஏற்கிறது. படுக்கையில் இருக்கும்வரை சாப்பாடும் கிடைக்கிறது. ஆனால் சிகிச்சைக் காலத்தின் பெரும்பகுதி வீட்டில் கழிகிறது. கூடவே இருக்க வேண்டியதால் அம்மாவுக்குக் கூலி போகிறது. கொதித்த தண்ணீர், அப்போதே சமைத்த சோறு, கழுவித் தோலுரித்த பழம் என்கிறார்கள். ஒற்றை அறையில், தெருக்குழாய் தண்ணீரில் எப்படி? நாங்கள் பார்த்த உணவுச் சீட்டுகளில் பாதாமும் பனீரும் இருந்தன. எங்கள் மக்கள் வாங்கக்கூடிய, புரதமும் இரும்புச்சத்தும் நிறைந்த மாட்டுக்கறியை நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. இதைத் தற்செயல் என்று நாங்கள் நம்பவில்லை.

காசநோயாளிகளுக்கு ஊட்டத்துக்கென ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் அதை 1000 ஆக்கியது. உணவில்லாமல் மருந்து வேலை செய்யாது என்று அரசுக்கே தெரியும். அந்த நியாயத்தைக் கீமோ எடுக்கும் குழந்தைக்கும் பொருத்தச் சொல்கிறோம்.

சிகிச்சை முடியும்வரை மாதாமாதம் ஊட்டத் தொகை வேண்டும். தினம் முட்டை வேண்டும். உடனிருப்பவருக்குக் கூலி இழப்பீடும், மருத்துவமனை அருகே சமைக்க இடமும் வேண்டும். ஒவ்வொரு குழந்தைப் புற்றுநோய் வார்டிலும் நிரந்தர ஊட்டச்சத்து நிபுணர் வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். ஊட்டச்சத்து நிபுணர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை என்று கேளுங்கள். வரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போதும். இனி அரசு பதில் சொல்லட்டும்.

ஜெய்பீம்.