மரம்னா அப்படித்தானாம்!

பெட்டியில் பலகைகளாக வந்திறங்கி, வீட்டில் திருகிப் பூட்டும் அலமாரியில் ஒரு கதவு வெளுத்தும் மற்றது கறுத்தும் இருக்கிறது. கேட்டால், "மரம்னா அப்படித்தான் சார்" என்கிறார்கள். அதில் மரம் ஏது? மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. மேலே தேக்கு ரேகை அச்சடித்த மெலமைன் காகிதம். அச்சு லாட் மாறினால் சாயலும் மாறும். விளிம்பில் ஒட்டுகிற பிவிசி பட்டை பெரும்பாலும் வேறு ஆலைச் சரக்கு. கடை விளக்கில் ஒத்துப்போகிற இரண்டும் வீட்டு டியூப்லைட்டில் தனித்தனியே பல்லிளிக்கலாம். ஒரே லாட் பலகைகளை ஒரே பெட்டியில் போடுவது தயாரிப்பாளரின் வேலை. அதை இயற்கையின் தலையில் கட்டுவது அடாவடி. வாங்கியவர்களே, திருகாணியைத் தொடுமுன் பலகைகளைப் பகல் வெளிச்சத்தில் வரிசையாகச் சாய்த்துப் பாருங்கள். பூட்டிய பிறகு மாற்றித் தரச்சொல்லி வாங்குவது பெரும்பாடு.