கீறலைத் துடைக்கிறவர்களிடம் ஒரு கேள்வி

பழைய படங்களைத் துலக்கி, வீட்டில் போட்டுப் பார்க்கிற வட்டுகளாக்கி விற்கிறார்கள். சட்டம் சட்டமாக ஸ்கேன் செய்து, கீறலை அழித்து, அழுக்கைத் துடைத்து, ஆட்டத்தை நிறுத்தி, மேலட்டையில் '4கே' என்று அச்சடித்து. நல்ல காரியம்தான், யார் வேண்டாமென்றது? ஆனால் நம் சினிமா மேதாவிகள் 'இது வெறும் தொழில்நுட்பம், இதில் நிறமும் சாதியும் எங்கே வந்தது' என்று கேட்கிறபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கே வந்ததா? சொல்றேன், கேளுங்க.

அமெரிக்காவில் 1915இல் டி.டபிள்யூ. கிரிஃபித் 'ஒரு தேசத்தின் பிறப்பு' எடுத்தான். கு கிளக்ஸ் கிளான் என்கிற கொலைகாரக் கும்பலை, குதிரைமேல் வந்து வெள்ளைப் பெண்களைக் காக்கிற வீரர்களாகக் காட்டிய படம். செத்துக் கிடந்த கிளான் அதே ஆண்டு மறுபடி எழுந்து நின்றது. 1920இல், அடிமையாய்ப் பிறந்த ஒருவரின் மகனான ஆஸ்கர் மிஷோ 'நம் வாசல்களுக்குள்' எடுத்தார். வெள்ளைக் கும்பல் கறுப்பரைக் கொன்று தொங்கவிடுவதையும், கறுப்புப் பெண்ணைச் சீரழிக்க வருகிறவன் வெள்ளைக்காரன் என்பதையும் திரையில் வைத்தார். 1919 சிகாகோ இனக்கலவரத்தின் சூடு ஆறவில்லை. தணிக்கைக்காரர்கள் பதறிப்போய் வெட்டினார்கள்.

இரண்டு படங்களின் சுருளும் எங்கே போச்சு? கிரிஃபித்தின் சுருள்கள் 1930களிலேயே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. மிஷோவின் படம் பல பத்தாண்டுகள் இல்லாமலே போனது. 1970களில் ஸ்பெயின் காப்பகத்தில் ஒரு பிரதி அகப்பட்டது, 'லா நெக்ரா' என்ற பெயரில். கறுப்பி என்று அர்த்தம். ஆங்கில எழுத்தட்டைகளில் மிஞ்சியவை நான்கே நான்கு. 1993இல் காங்கிரஸ் நூலகம் மீட்டபோது, ஸ்பானிஷிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்துத்தான் மிஷோவின் பேச்சை அவருக்கே கொடுக்க வேண்டியிருந்தது.

இருபதுக்கு மேல் ஊமைப்படம் எடுத்த மனுஷனுக்கு மிஞ்சியது மூன்று. அதில் ஒன்று பெல்ஜியத்தில் கிடைத்தது. முகமூடி போட்டுக்கொண்டு வரும் கிளான் கும்பலைக் கறுப்பர் முறியடிக்கும் இடம்தான் அந்தப் படத்தின் உச்சம். அந்த இடம்தான் சுருளில் இல்லை!

'எல்லாருடைய ஊமைப்படமும்தானே அழிஞ்சது, அமெரிக்க ஊமைக் கதைப்படங்களில் மூலவடிவில் முழுசாக மிஞ்சியதே 14 சதவீதம், நைட்ரேட் சுருள் தானாக மக்கும், தீப்பிடிக்கும்' என்பார்கள். தெரியும்யா. நைட்ரேட்டுக்கு நிறம் தெரியாது. எந்தப் பெட்டியைக் காப்பது, எதை வீசுவது என்று முடிவு செய்தவனுக்குத் தெரியும்.

வட்டுக் கதையும் அப்படித்தான். கினோ என்ற நிறுவனம் கிரிஃபித்தின் படத்தை 2011இல் புளூரேயாகப் போட்டது. அதே நிறுவனம் மிஷோவையும் மற்றக் கறுப்பின முன்னோடிகளையும் ஐந்து வட்டுகளாகக் கொண்டுவர 2016 ஆயிற்று, அதுவும் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி. கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அழுகின இடத்தை அழுகலாகவே விட்டார்கள், காட்சி இல்லாத இடத்தில் இல்லை என்று அட்டை போட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு 'படத்தரம் சுமார்' என்று மதிப்பெண் குறைக்கிற ரசனைதான் எனக்கு எதிரி. சுத்தம் பார்க்கிற இந்தப் புத்தி நமக்குப் புதுசா என்ன?

'நம் வாசல்களுக்குள்' படத்திலேயே ஒரு இடம் வருகிறது. தன்மேல் பாய்கிற வெள்ளையனோடு அவள் போராடுகிறாள். அவள் நெஞ்சில் ஒரு தழும்பு. அதைப் பார்த்த பிறகுதான் அவள் தன் சொந்த மகள் என்று அவனுக்கு விளங்குகிறது. அந்தத் தழும்பைத் துடைத்துவிட்டால் கதையே இல்லை. இன்றைக்கு இல்லாத சட்டங்களையும் இயந்திரமே வரைந்து நிரப்பும் என்கிறார்கள். கிளான் தோற்கிற காட்சியை அப்படி நிரப்ப யாராவது கிளம்பினால், அது பறித்தவன் குற்றத்துக்கு வெள்ளையடிக்கிற வேலை என்பேன்.

அமெரிக்காக் கதை நமக்கெதுக்கு என்கிறீர்களா? மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்'. ஜே.சி. டேனியல் எடுத்தார். நாயர் பெண்ணாக நடித்தவர் தலித் பெண், பி.கே. ரோசி. திருவனந்தபுரத்தில் ஆதிக்கசாதிக் கும்பல் திரையில் கல்லெறிந்தது, அவரை ஊரைவிட்டே துரத்தியது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து ஒளிந்து வாழ்ந்து செத்தார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. எந்த 4கே-வில் ரோசியைத் துலக்குவீர்கள்?

1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக்கினார். தோழர்களே, அந்த வருசங்களில் நம் ஊர்வலங்களையும் கூட்டங்களையும் சாவுகளையும் பிடித்த வி.எச்.எஸ். கேசட்டுகள் யார் யார் வீட்டுப் பரணில் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன? எந்த அருங்காட்சியகமும் தேடி வராது. இந்த மழைக்காலத்துக்கு முன்னாடி இறக்குங்கள். கோடு விழுந்தாலும் சத்தம் இரைந்தாலும் அப்படியே கணினியில் ஏற்றி, நாலு பேர் கையில் நாலு பிரதி கொடுத்து வையுங்கள்.