கோவை – சென்னை 70 நிமிடம், சோமனூரிலிருந்து?



கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு மணி பத்து நிமிடம் என்று விமான டிக்கெட்டில் போட்டுக் கொடுக்கிறார்கள். நேர்கோட்டில் பார்த்தால் தூரம் சுமார் 400 கிலோமீட்டர். அந்த நேரத்தில் ஓடுதளத்தில் உருளுவதும் வரிசையில் நிற்பதும் அடக்கம். அதில் எனக்குத் தகராறு இல்லை. மீட்டருக்கு இத்தனை பைசா என்று கூலி நெசவுக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான்; என் கணக்கு வீட்டு வாசலில் தொடங்குகிறது.

போன மாதம் மகள் வீட்டு விசேஷம். காலை ஏழு மணி விமானம். இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டுமாம். சோமனூரிலிருந்து விமான நிலையம் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வேளையில் எனக்கு நேர் பஸ் கிடைக்கவில்லை. மூன்றரைக்குக் கிளம்பி, கருமத்தம்பட்டி வரை ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு போய், சேலம் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். "உள்ளே போவாதுங்ணா, சித்ராவுல எறங்கி நடந்துக்குங்க" என்றார் கண்டக்டர். ஒரு கையில் பெட்டி, மறு கையில் மகளுக்கு ஐந்து கிலோ நாட்டுச் சர்க்கரை. சித்ரா நிறுத்தத்திலிருந்து விமான நிலைய வாசலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆட்டோக்காரர் கேட்ட தொகையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும், நடந்தேன். பை பிய்ந்து வழியெல்லாம் சர்க்கரை.

சென்னையில் இறங்கினால் விமான நிலையத்திலேயே மெட்ரோ, 2016லிருந்து ஓடுகிறது. ஏறி உட்கார்ந்தால் வண்ணாரப்பேட்டை. மகள் வீட்டுக்குள் நுழையும்போது மணி பத்து. ஆக ஆறரை மணி நேரம்! 2023 ஏப்ரலில் விட்ட வந்தே பாரத்துக்கு கோவை – சென்னை நேரம் ஐந்து மணி ஐம்பது நிமிடம். அது திருப்பூரிலும் நிற்கிறது. அதில்தான் போயிருக்க வேண்டும் என்று மருமகன் சிரித்தார்.

கோவையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்தார்கள். நகரத்துக்காரர்களுக்கு நல்லதுதான். கிழக்கேயிருந்து வருகிற எங்களுக்கு அது முடிகிற இடம்தான் தெரியும். நீலாம்பூர் வரை வரும் என்ற கோவை மெட்ரோ திட்ட அறிக்கையையும் மக்கள்தொகை போதாதென்று டெல்லி அதே ஆண்டு நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. விமான நிலைய விரிவாக்கத்துக்கு 627 ஏக்கர் என்று பத்து வருஷத்துக்கு மேலாகப் பேச்சு. விரிக்கட்டும். வாசல் வரை ஒரு டவுன் பஸ் விட ஏக்கர் எதற்கு?

எங்கள் ஊருக்குக் கிரே (வெளுக்காத) துணி பார்க்க வரும் வடக்கத்தி வியாபாரிக்குக் கார் அனுப்ப ஆள் உண்டு. தறி ஓட்டுகிறவனின் பிள்ளை சார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகும்போது அப்படி யார் அனுப்புவார்கள்? ராத்திரியில் வாடகைக் காருக்குக் கடன்தான்.

அரசுப் போக்குவரத்துக் கழகம் சோமனூர், கருமத்தம்பட்டி, கணியூர், நீலாம்பூர், சின்னியம்பாளையம் வழியாக விமான நிலைய வாசலுக்குள்ளேயே போய் நிற்கும்படி இரண்டு பஸ் விட வேண்டும். ஒன்று அதிகாலை நாலு மணிக்கு, இன்னொன்று கடைசி விமானம் இறங்கிய பிறகு. சித்ராவில் இறக்கிவிடுகிற பஸ்ஸைக் காட்டி, "விட்டாச்சு" என்று பதில் எழுதிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
கூலி நெசவு விசைத்தறி உரிமையாளர் ஒருவர்,
சோமனூர்.