படத்தோடு தேதியும் சேரட்டும்

பங்குனி பிறந்துவிட்டால் வாட்ஸ்ஆப் குழுக்களும் முகநூல் பக்கங்களும் வீட்டுத் தோட்டங்களால் நிறைந்துவிடுகின்றன. மாடித் தொட்டியில் அரும்பு கட்டிய குண்டுமல்லி, கொல்லையில் பூத்துச் சொரியும் வேம்பு, வாசலில் மஞ்சள் சரமாய்த் தொங்கும் கொன்றை. ‘எங்க வீட்டுல இன்னைக்குப் பூத்தது’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே விதை கேட்டு நாலு பேர், பதியன் கேட்டு இரண்டு பேர், இலைச்சுருட்டலுக்கு என்ன மருந்து என்று ஒருவர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்த பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது. நல்ல பழக்கம், வளர வேண்டியது.

ஆனால், இப்படிப் பகிரப்படும் படங்களில் பெரும்பாலானவை ஒரே வாரத்தில் பயனற்றுப் போகின்றன. எந்த ஊர், எந்த நாள், செடிக்கு எத்தனை வயது என்ற விவரம் எதுவும் அவற்றில் இல்லை. பருவம் தப்பிப் பூக்கிறது, காலம் கெட்டுவிட்டது என்று எல்லாரும் பேசுகிறோம். அந்தப் பேச்சை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ கூடிய சான்றுகளை நாமே நாள்தோறும் எடுத்து, நாமே தொலைக்கிறோம்.

பழைய படம் ஒன்று என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரக் கல்லறைத் தோட்டத்தில் 1868 மே 30 அன்று ஒருவர் படம் எடுத்தார். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்திய நாள் அது. மரங்களைப் பதிவு செய்யும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. ஆனால், அந்தப் படத்தில் மரங்கள் இலையில்லாமல் நிற்கின்றன. 2005-இல் அதே நாளில் அதே இடத்தை மறுபடி படமெடுத்தபோது மரங்கள் முழுதாகத் தழைத்திருந்தன. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பிரைமாக்கும் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் இந்தப் படங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு படம் மட்டும் எதையும் நிறுவிவிடாது. அந்த ஆண்டு குளிர் நீண்டிருக்கலாம். அதனால் தேதி தெரிந்த பழைய பூப்படங்களையும் உலர்செடித் தொகுப்புகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். வெப்பம் கூடக்கூடச் செடிகள் முந்திப் பூக்கின்றன என்பது தெளிவாயிற்று. படத்தின் மதிப்பு அதன் அழகில் இல்லை, தேதியில் இருந்தது.

படமெடுக்கும் வசதி வருவதற்கு முன்பே இதைச் செய்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-இல் தன் தோட்டத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துக் குறிப்பெழுதத் தொடங்கினார். முதல் பூ, முதல் தளிர், தகைவிலான் வந்த நாள் என வசந்தத்தின் 27 அடையாளங்கள். அவருக்குப் பின் அவருடைய குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். ஒரு வீட்டாரின் இருநூறு ஆண்டுப் பழக்கம் இன்று அறிவியலாளர்கள் தேடிப் படிக்கும் ஆவணம். பிரிட்டனில் இப்படி ஆர்வலர்களும் தோட்டக்காரர்களும் எழுதிச் சேர்த்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. 406 வகைத் தாவரங்களின் முதல் பூ, 1987-க்குப் பிறகு, முன்பிருந்ததைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதம் முந்திவிட்டது என்று அது கண்டறிந்தது. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி முழுதாக மலர்ந்த நாளைப் பற்றிய குறிப்புகள் பொ.ஆ. 812 வரை பின்னோக்கிச் செல்கின்றன. அரசவையினரும் துறவிகளும் நாட்குறிப்புகளில் எழுதியவை அவை. ஆய்வாளர் யசுயுகி அவோனோ அவற்றைத் தேடித் தொகுத்து வைத்திருந்ததால்தான், 2021 மார்ச் 26-இல் அங்கே செர்ரி மலர்ந்தபோது, 1,200 ஆண்டுகளில் இத்தனை முன்னதாக மலர்ந்ததில்லை என்று சொல்ல முடிந்தது.

நம்மிடம் நினைவு இருக்கிறது, தேதி இல்லை. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு மரத்திலிருந்தே புது வேப்பம்பூ கிடைக்கும், இப்போது அதற்கு முன்பே உதிர்ந்துவிடுகிறது என்று பல வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். விஷுக் கணிக்கு வேண்டிய கொன்றை அதற்கு முன்பே பூத்து முடிந்துவிடுகிறது என்ற பேச்சு கேரளத்திலும் உண்டு. குமரி மாவட்டத்திலும் கேட்கலாம். பாட்டி சொல்வது உண்மையாக இருக்கலாம். நல்ல ஆண்டுகளை மட்டும் நினைவு பிடித்துவைத்திருக்கவும் கூடும். பிரித்தறிய ஏடு வேண்டும்.

அந்த ஏட்டை உருவாக்கும் வேலை இந்தியாவில் தொடங்காமல் இல்லை. சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம், ஒருவர் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை பார்த்துத் தளிர், பூ, காய், கனி ஆகியவற்றின் நிலையைக் குறிக்கச் சொல்கிறது. கேரளப் பள்ளிப் பிள்ளைகள் இதில் பெரும் பங்கு எடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதே அளவு ஆர்வம் ஏன் வரக் கூடாது? வீட்டுத் தோட்டம் போடுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. முறையும் நமக்குப் புதிதன்று. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் மெட்ராஸ் ஹெர்பேரியமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியமும் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிக் காத்துவருகின்றன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு: செடியின் பெயர், எடுத்த இடம், எடுத்த நாள், எடுத்தவர். அந்தச் சீட்டு கிழிந்துபோனால் மிஞ்சுவது சருகு. நம் கைபேசிப் படங்களில் இல்லாதது அந்தச் சீட்டுதான்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலையும் சொல்ல வேண்டும். கைபேசி ஒரு படத்தை எடுக்கும்போது நாளையும் நேரத்தையும், அனுமதித்திருந்தால் இடத்தையும், படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. வாட்ஸ்ஆப்பில் அதைச் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடுகிறது. பெறுகிறவருக்குத் தெரிவது அனுப்பிய நாள் மட்டுமே. போன ஆண்டுப் பூ இந்த ஆண்டுக் காலை வணக்கத்தோடு வந்து சேர்ந்தாலும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தீர்வு எளியது: படத்துக்குக் கீழே கையால் எழுதுவது. ‘வேம்பு, முதல் பூ, மார்ச் 9, மன்னார்குடி’ என்றால் போதும். வீட்டு எண்ணும் தெருப்பெயரும் தேவையில்லை, போடவும் கூடாது. குறிப்பாகத் தனியாக வாழும் முதியவர்களும் பெண்களும் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

நாம் தண்ணீர் ஊற்றி, உரமிட்டு, கிளை வெட்டி வளர்ப்பவை எப்படிக் காலநிலையைக் காட்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குண்டுமல்லி எப்போது பூக்கும் என்பதைக் கார்த்திகையில் நாம் செய்யும் கவாத்தும் அதற்குப் பின் விடும் தண்ணீரும் பெருமளவு தீர்மானிக்கின்றன. பத்து நாள் தள்ளிக் கவாத்து செய்தால் பூவும் தள்ளிப்போகும். எனவே மல்லியின் படத்தோடு கவாத்து செய்த நாளையும் எழுதினால்தான் பொருள் உண்டு. தொட்டிச் செடியைவிட நிலத்தில் வேரோடி, நம் தயவில்லாமல் நிற்கும் வேம்பும் புங்கனும் கொன்றையும் நம்பத் தகுந்த சாட்சிகள். ஐநேச்சுரலிஸ்ட் என்ற உலகளாவிய பதிவுத் தளம்கூட, வளர்ப்புச் செடிகளை ஆய்வுத் தரத்தில் சேர்ப்பதில்லை. ஆனால், அந்தச் செடியைத் தேடித் தாமாக வரும் உயிர்களைச் சேர்த்துக்கொள்கிறது. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள், துளசிப் பூவுக்கு வரும் தேனீக்கள், செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு. இவற்றை எடுத்தால் அது முழுமையான பதிவு. புழு கண்டதும் மருந்தடிப்பதற்கு முன் ஒரு படம் எடுக்கும் பழக்கம் வந்தால், மருந்தடிக்கும் பழக்கமே கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன்.

இன்னொரு குறையை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. நாம் பூத்ததை மட்டும் பகிர்கிறோம். அரும்பிலேயே கருகியது, பூத்தும் காய் பிடிக்காதது, இந்த ஆண்டு பூக்கவே பூக்காதது எதையும் யாரும் படம் எடுப்பதில்லை; எடுத்தாலும் வெட்கப்பட்டு அழித்துவிடுகிறோம். ஆய்வாளருக்கு இல்லாமையும் தகவல்தான். சீசன்வாட்ச், பூ இல்லாத வாரத்திலும் ‘இல்லை’ என்று குறிக்கச் சொல்வது அதனால்தான். புதிதாகத் தோட்டம் போடுகிறவருக்கும் இது பெரிய உதவி. அடுத்தவர் மாடியெல்லாம் பூத்துக் குலுங்க, தன் தொட்டி மட்டும் வாடுகிறது என்று நினைத்துத்தான் பலர் இரண்டாம் கோடையில் தோட்டத்தைக் கைவிடுகிறார்கள். கருகிய செடியின் படம் ஒன்று அவர்களைக் காப்பாற்றும்.

பள்ளிகளின் தேசியப் பசுமைப் படைகளும் சுற்றுச்சூழல் மன்றங்களும் மரம் நடும் விழாவோடு நிற்காமல், வளாகத்தில் ஏற்கெனவே நிற்கும் ஒரு வேம்பை ஆண்டுதோறும் பதிவு செய்யலாம். தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத்துக்குக் கொடுக்கும் விதைப் பொட்டலத்தோடு ஒரு பக்கப் பூக்கும் நாள் அட்டையையும் சேர்த்துக் கொடுத்தால் செலவு மிகக் குறைவு. அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ நிற்கும் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது பூக்கும் முதல் நாளில் ஒரு படம் எடுத்து, பெயர், ஊர், நாள் மூன்றையும் எழுதிப் பகிருங்கள். ஒரு நோட்டிலும் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று எடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று காட்டிவையுங்கள்.